மோட்டார் சைக்கிளும் அதன் மின் இணைப்புகளும்

தமிழகத்தை விட்டு வேறு மாநிலங்களில் குடியேறியிருக்கும் நம்மவரில் பலர் முதல் சில ஆண்டுகளுக்குள் வாங்கும் பெரும்பொருள் மோட்டார் சைக்கிளாகவே இருக்கிறது. அலுவலகத்திற்கும் அங்காடிக்கும் அது நம்மைச் சுமந்து செல்கிறது. தில்லியில் இருப்போருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் இராமகிருஷ்ணபுரத்து மலைக்கோயிலுக்கும் அதுவே வாகனம். இவ்வாறு நாள்தோறும் உடன் இருக்கும் பொருளை நம் விருப்பத்திற்கேற்ப மாற்றி அமைக்க வேண்டும் என்ற ஆசை எழுவது இயல்பு. கைப்பிடியைச் சற்று உயர்த்தலாமா, கூடுதலாக இரண்டு விளக்குகள் பொருத்தலாமா, ஹாரன் ஒலி போதவில்லையே என்றெல்லாம் நினைக்கிறோம். இந்த ஆசையை நிறைவேற்றும்போது பெரும்பாலும் நம் கவனத்திற்கு வராத ஒன்றைப்பற்றி இன்று பேச விரும்புகிறோம். அது பெட்ரோல் தொட்டிக்கு அடியிலும் இருக்கைக்குக் கீழும் மறைந்து ஓடும் மின்கம்பிகளும் அவற்றின் இணைப்புகளும் ஆகும்.

வடநாட்டுச் சாலைகளில் கம்பீரமாக ஓடும் புல்லட் வண்டி நம் ஊரோடு தொடர்புடையது. 1955ஆம் ஆண்டில் சென்னையில் என்பீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. திருவொற்றியூர்த் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த வண்டிகளே பஞ்சாபின் வயல்வெளிகளிலும் இமயத்தின் கணவாய்களிலும் ஓடின. மாற்றி அமைக்கும் கலைக்கும் அந்த வண்டியே நெடுங்காலம் ஏற்ற பொருளாக இருந்து வந்திருக்கிறது. தில்லியில் கரோல் பாக், கொல்கத்தாவில் மல்லிக் பஜார், பெங்களூரில் ஜே.சி. சாலை, சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் சாலை ஆகிய இடங்களில் வரிசையாக நிற்கும் கடைகளைப் பார்த்தாலே இந்த ஆசை எவ்வளவு பரந்தது என்பது விளங்கும்.

மாற்றத் தொடங்குமுன் சட்டம் எதை அனுமதிக்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 52ஆம் பிரிவு இதைப்பற்றியது. வண்டியைச் செய்தவர் குறித்துக் கொடுத்து, பதிவுச் சான்றில் ஏறியிருக்கும் விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்பது அதன் சாரம். 2019ஆம் ஆண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் திருத்தப்பட்ட சட்டத்தின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்திற்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறைத் தண்டனையோ, இரண்டுமோ விதிக்கலாம். சட்டகத்தை அறுத்துச் சுருக்குவதும், இயந்திரத்தின் கொள்ளளவை உயர்த்துவதும், ஓசையை அடக்கும் சைலன்சரைக் கழற்றிவிட்டு முழங்கும் குழலைப் பொருத்துவதும் விலக்கப்பட்டவை. அத்தகைய குழல்களைப் பல நகரங்களில் போலீசார் சாலை உருளையால் நசுக்கியதைச் செய்திகளில் கண்டிருக்கிறோம்.

வெளி மாநிலத்தில் வாழ்வோருக்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் வேறொரு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே புதிய பதிவு எண் பெற வேண்டும் என்று அதே சட்டத்தின் 47ஆம் பிரிவு கூறுகிறது. 2021இல் தொடங்கிய பி.எச். வரிசை எண் பெற்றவர்களுக்கு மட்டும் இந்தத் தொல்லை இல்லை. மற்றவர்கள் ஊர் அலுவலகத்தில் தடையின்மைச் சான்று பெற்றுவந்து புதிய இடத்தில் வண்டியைக் காட்ட வேண்டியவர்கள். அன்று பதிவுச் சான்றும் வண்டியும் ஒத்திருக்க வேண்டும். ஆதலால் கழற்றிய அசல் பகுதிகள் எவற்றையும் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல், பெயர் எழுதிக் கட்டி வைத்திருப்பது நன்று. மாற்றத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறும்படி செய்வதே அறிவுடைமை. மின்கம்பிகளைப் பொறுத்தவரை இதன் பொருள் ஒன்றே: அசல் கம்பியை அறுக்கலாகாது.

அறுப்பதனால் என்ன நேரும் என்பதை ஓர் அனுபவத்தால் அறிந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் ஜனவரி மாதத்தில், நாங்கள் மூவர் இரண்டு வண்டிகளில் தில்லியிலிருந்து ஜெய்ப்பூருக்குப் புறப்பட்டோம். மூடுபனிக்கென்று ஒரு வண்டியில் இரண்டு கூடுதல் விளக்குகளைப் பட்டறை ஒன்றில் பொருத்தியிருந்தோம். இரவு ஒன்பது மணி இருக்கும். முன்னே சென்ற அந்த வண்டியின் முன்விளக்கு, பின்விளக்கு, இயந்திரம் அனைத்தும் ஒரு நொடியில் அணைந்தன. பனியில் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. பின்னால் லாரிகளின் இரைச்சல் நெருங்கிக்கொண்டிருந்தது. வண்டியைச் சாலை ஓரத்து மண்ணுக்கு எப்படி இறக்கினோம் என்பது இப்போதும் தெளிவாக நினைவில்லை.

அருகிலிருந்த சாலையோர உணவு விடுதிவரை தள்ளிச் சென்று பார்த்தபோது பிரதான பியூஸ் எரிந்திருந்தது. மாற்று பியூஸ் ஒன்றைப் போட்டோம். சாவியைத் திருப்பியவுடன் அதுவும் போயிற்று. எங்களில் ஒருவர், "ஒரு செப்பு இழையைச் சுற்றிவிட்டால் ஜெய்ப்பூர் வரை போய்விடலாம்" என்றார். குளிரிலும் களைப்பிலும் அது நல்ல யோசனையாகவே பட்டது. ஆயினும் முதலில் தொட்டியைக் கழற்றிப் பார்ப்போம் என்று மற்றவர் பிடிவாதமாக நின்றார். விடுதியில் தேநீர் அருந்திக்கொண்டிருந்த லாரி ஓட்டுநர் ஒருவர் எழுந்து வந்து கைவிளக்கைப் பிடித்துக்கொண்டார். தொட்டிக்கு நேர் கீழே, முன்விளக்கின் கம்பியைச் சீவி, புதுக் கம்பியை அதன்மேல் முறுக்கி, கறுப்பு நாடாவைச் சுற்றியிருந்தார்கள். இயந்திரத்தின் சூட்டில் நாடாவின் பசை இளகி அவிழ்ந்துவிட்டது. வெளியே வந்த செம்பு, சட்டகத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. தொட்டியில் பத்து லிட்டருக்குக் குறையாத பெட்ரோல். செப்பு இழையைச் சுற்றியிருந்தால் அது எரிந்து அறுந்திருக்காது. அதற்குப் பதில் அந்தக் கம்பி முழுவதும் தணலாகச் சிவந்திருக்கும். புதுக் கம்பியை அகற்றி, சீவிய இடத்தை மூடி, கடைசியாக இருந்த பியூசைப் போட்டுப் பயணத்தைத் தொடர்ந்தோம். அன்றைக்குப் பின்னரே இவற்றைக் கற்றுக்கொள்ளத் தொடங்கினோம்.

வண்டியின் மின்னமைப்பை விளங்கிக்கொள்வது கடினமன்று. பாட்டரியின் நேர்முனையிலிருந்து புறப்படும் மின்னோட்டம் பிரதான பியூஸ், சாவி, ஸ்விட்ச் ஆகியவற்றின் வழியாக விளக்கை அடைகிறது. திரும்பி வருவதற்கு, இக்கால வண்டிகளில், எர்த் கம்பிகளும் உலோகச் சட்டகமும் பாதையாகின்றன. இந்த வழியில் ஒவ்வோர் இடத்திலும் கம்பியும் கம்பியும் சேரும் இணைப்புகள் உண்டு. மெக்கானிக்குகள் அவற்றைக் கப்ளர் என்று சொல்வார்கள். ஆண், பெண் என இரு பாதிகளாக இருக்கும் பிளாஸ்டிக் கூட்டினுள், பித்தளை முனைகள் ஒன்றினுள் ஒன்று செருகிக்கொள்கின்றன. பழைய வண்டிகளில் குண்டு வடிவான முனையை உருளைக் குழாயில் செருகும் இணைப்பு இருந்தது. மின்னமைப்பில் ஏற்படும் கோளாறுகளில் பல, நீண்டு ஓடும் கம்பியின் நடுவில் தோன்றுவதில்லை. இந்த முனைகளிலேயே தோன்றுகின்றன.

ஏன் என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். 12 வோல்ட் பாட்டரியில் 60 வாட் விளக்கு எரிந்தால் 5 ஆம்பியர் மின்னோட்டம் செல்லும். இணைப்பு ஒன்று துருவேறி, 0.2 ஓம் தடை உண்டாகிவிட்டது எனக் கொள்வோம். ஐந்தை 0.2ஆல் பெருக்கினால் 1 வோல்ட். அந்த 1 வோல்ட் விளக்கை அடையாமல் வழியிலேயே நின்றுவிடுகிறது. இழை விளக்கின் ஒளி மின்னழுத்தத்தைவிட வேகமாகக் குறைவது. ஆகவே 1 வோல்ட் குறைந்தாலே ஒளியில் ஏறத்தாழக் காற்பங்கு போய்விடும். போன 1 வோல்ட் அந்தச் சிறு முனையில் 5 வாட் வெப்பமாக மாறுகிறது. அந்தச் சூட்டில் முனையின் பிடி தளரும். பிடி தளர்ந்தால் தடை மிகும். தடை மிகுந்தால் சூடு மேலும் ஏறும். முடிவில் பிளாஸ்டிக் கூடு பழுப்பேறி உருகுகிறது. தந்தையார் காலத்துப் பழைய புல்லட்டைப் புதுப்பிப்போர் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். அவற்றில் 6 வோல்ட் அமைப்பு இருந்தது. அதே வாட் அளவுக்கு இரு மடங்கு மின்னோட்டம் செல்வதால், அதே தடையுள்ள இணைப்பு நான்கு மடங்கு சூடாகும்.

நாம் வாழும் ஊருக்கேற்பவும் இணைப்புகளின் பகை மாறும். மும்பையிலும் கொல்கத்தாவிலும் மழைக்கால ஈரம் கூட்டினுள் புகுந்து செம்பைப் பச்சை பூக்கச் செய்கிறது. இராஜஸ்தானத்தின் கோடையில் பிளாஸ்டிக் கூடு வறண்டு, அழுத்தியவுடன் அதன் கொக்கி முறிந்துபோகிறது. ரயிலில் பார்சலாக வண்டியைக் கொண்டுவருவோர், சாக்குக் கட்டைப் பிரித்தவுடன் முன்விளக்கிற்குப் பின்னுள்ள கம்பிகள் இழுபட்டுள்ளனவா என்று பார்த்துவிடுவது நல்லது.

இனி, வேலை செய்யும் முறைக்கு வருவோம். முதற்செயல் பாட்டரியைப் பிரித்தல். சட்டகத்தோடு இணைந்துள்ள முனையை, அஃதாவது இக்கால வண்டிகளில் எதிர்முனையை, முதலில் கழற்ற வேண்டும், நேர்முனை பிறகு. பொருத்தும்போது இந்த வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். நேர்முனையை முதலில் தளர்த்தும்போது ஸ்பானர் தவறிச் சட்டகத்தில் பட்டால் பெரும் மின்பொறி பறக்கும் என்பதே காரணம்.

கப்ளரைப் பிரிக்கும்போது கம்பியைப் பிடித்து இழுக்கலாகாது. கூட்டின் பக்கத்திலுள்ள கொக்கியை அழுத்திக்கொண்டு, இரு பாதிக் கூடுகளையும் பிடித்து நேராகப் பிரிக்க வேண்டும். பித்தளை முனையை மட்டும் வெளியே எடுக்க வேண்டுமானால், அதன் முதுகில் மீன் செதிள் போல ஒரு சிறு நாக்கு இருக்கும். மெல்லிய தகட்டை முன்புறமாகச் செலுத்தி அந்த நாக்கை அமுக்கினால் முனை பின்பக்கமாக வழுக்கி வந்துவிடும். திரும்பச் செருகுமுன் நாக்கைச் சற்றே நிமிர்த்திவிட வேண்டும். இல்லையேல் மறுபாதியைச் செருகும்போது முனை பின்வாங்கிவிடும். வெளியே பார்த்தால் இணைந்ததுபோலத் தோன்றும். உள்ளே தொடர்பே இராது. புரியாத கோளாறுகள் பலவற்றிற்கு இதுவே காரணம்.

கம்பியில் புது முனை பொருத்துவதற்கு, நெரித்து இறுக்கும் கிரிம்பிங் கருவியே ஏற்றது. கம்பியின் மேலுறையைச் சுமார் 5 மில்லிமீட்டர் அளவு சீவ வேண்டும். இழை ஒன்றுகூட அறுபடலாகாது. முனையில் இரண்டு இணைச் சிறகுகள் இருக்கும். முன்னிணை செப்பிழைகளைக் கவ்வும். பின்னிணை மேலுறையைக் கவ்வும். அதிர்வு செம்பைத் தாக்காதபடி தடுப்பது இந்தப் பின்னிணையே. சாதாரணக் குறட்டால் நசுக்கிவிட்டு இரண்டையும் ஒன்றாக்குவது வழக்கமாகிவிட்டது, அது நிலைப்பதில்லை. முடித்தவுடன் கம்பியை அழுத்தமாக ஒருமுறை இழுத்துப் பார்க்க வேண்டும். கழன்று வந்தால் மேசைமேல் வந்தது என்று மகிழலாம். சாலையில் வரவில்லை அல்லவா?

ஈயம் வைத்துப் பற்றவைப்பது இதைவிட உறுதியானது என்று நினைப்போர் உளர். வானொலிப் பெட்டிக்கு அது பொருந்தும். மோட்டார் சைக்கிளில் ஈயம் இழைகளுக்குள் ஊறி அந்த அளவு கம்பியை விறைப்பாக்கிவிடுகிறது. விறைப்பு முடிந்து இளக்கம் தொடங்கும் இடத்தில் ஓயாத அதிர்வினால் இழைகள் ஒவ்வொன்றாக அறுகின்றன. பற்றவைத்தே ஆக வேண்டிய இடத்தில், சூட்டினால் சுருங்கும் குழாயை மேலே போர்த்தி, இருபுறமும் கம்பி அசையாதபடி கட்டிவைக்க வேண்டும்.

கூடுதல் விளக்கோ ஹாரனோ பொருத்துவோர் பழைய ஸ்விட்சின் மீது அந்தச் சுமையை ஏற்றலாகாது. அதற்கென்றே ரிலே என்னும் சிறு கருவி இருக்கிறது. அதில் நான்கு முனைகள் உண்டு. 85, 86 என்று எண்ணிட்ட முனைகள் உள்ளிருக்கும் மின்காந்தத்திற்கு உரியவை. ஸ்விட்சிலிருந்து செல்லும் மின்னோட்டம் இதற்குச் சிறிதளவு போதும். 30 என்ற முனை பாட்டரியிலிருந்து பியூஸ் வழியாக வருவது. 87 விளக்கிற்குச் செல்வது. ஸ்விட்ச் கட்டளை மட்டும் இடுகிறது. பெரும் மின்னோட்டம் தனி வழியில் போகிறது. 5 ஆம்பியர் கேட்கும் விளக்குகளுக்கு 1 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியும், பழுப்பு நிறமுள்ள 7.5 ஆம்பியர் பியூசும் பொருந்தும். இந்த பியூசைப் பாட்டரிக்கு மிக அருகில் வைக்க வேண்டும். பியூஸ் காப்பது விளக்கையன்று, கம்பியை. ஆதலால் அதற்கு முன்னுள்ள கம்பி முழுவதும் காவலின்றிக் கிடக்கும். எரிந்த பியூசுக்குப் பதிலாகச் சிவப்பு நிற 10 ஆம்பியரையும், பிறகு நீல நிற 15 ஆம்பியரையும் போட்டுக்கொண்டே போவது, காவற்காரரை ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்புவதை ஒக்கும்.

திசைகாட்டி விளக்குகளுக்கு எல்.இ.டி. பொருத்தினால் அவை மிக விரைவாகத் துடிக்கலாம், அல்லது துடிக்காமலே நிற்கலாம். பழைய பிளாஷர் கருவி இழை விளக்கின் மின்னோட்டத்தை எதிர்பார்த்து அமைந்தது, எல்.இ.டி. அதில் மிகச் சிறு பங்கே எடுக்கிறது. எல்.இ.டி.க்கு உரிய பிளாஷரை மாற்றினால் குறை தீரும்.

கைப்பிடியை உயர்த்துவோருக்கு ஒரு சொல். கம்பி போதவில்லையென்றால் இழுத்துக் கட்டலாகாது. இரு முனைகளிலும் அசலைப்போன்ற கப்ளர்கள் கொண்ட இடைக்கம்பி ஒன்றைச் செய்து நடுவே செருகிவிடலாம். அசலுக்குத் திரும்ப வேண்டிய நாளில் அதை உருவிவிட்டால் போதும். வேலை முடிந்ததும் கைப்பிடியை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பிக் கம்பிகள் இழுபடுகின்றனவா, சட்டகத்தின் கழுத்தில் நசுங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். சைலன்சர்க் குழாயின் அருகிலும் தொட்டியின் கூரிய விளிம்பிலும் கம்பி படலாகாது.

2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதிகள் வந்தபின் விற்கப்படும் வண்டிகளில் பெரும்பாலும் பெட்ரோலைத் தெளிப்பதைக் கணினியே நடத்துகிறது. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக் அமைப்பும் இருக்கிறது. இவற்றின் கம்பிகளில் செல்லும் மின்னோட்டம் மிக நுண்ணியது. ஊசியால் குத்திச் சோதிப்பதும், அவற்றிலிருந்து விளக்குக்கு மின்சாரம் எடுப்பதும் முற்றிலும் தவிர்க்கத்தக்கவை. குத்திய துளை வழியாக மழைநீர் இறங்கி, ஆறு மாதம் கழித்துக் கோளாறு வெளிப்படும். அப்போது காரணம் யாருக்கும் நினைவிராது.

கோளாறு தேடுவதற்கு ஒரு மல்டிமீட்டர் போதும். இயந்திரம் ஓடாதபோது முழுமையாக ஏறிய பாட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டும், ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை காட்ட வேண்டும். பாட்டரி சரியாக இருந்தால், விளக்கை எரியவிட்டு, மீட்டரின் ஒரு முனையைக் கப்ளரின் வரும் பக்கத்திலும் மற்றொன்றைப் போகும் பக்கத்திலும், கூட்டின் பின்புறத் திறப்பு வழியாக வைத்துப் பார்க்கலாம். நல்ல இணைப்பில் மீட்டர் ஏறத்தாழப் பூச்சியம் காட்டும். அரை வோல்ட், ஒரு வோல்ட் எனக் காட்டினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. எர்த் கம்பியின் போல்ட்டை மறந்துவிடலாகாது. புதிதாக வண்ணம் பூசிய சட்டகத்தில் அந்தப் போல்ட் வண்ணத்தின்மேலேயே இறுக்கப்பட்டிருக்கும். அடியிலுள்ள வண்ணத்தைச் சுரண்டி உலோகம் தெரியச் செய்தால் பல விளக்குகள் ஒரே சமயத்தில் உயிர் பெறும்.

இவ்வளவையும் நாமே செய்ய வேண்டும் என்பதில்லை. நேரம் இல்லாதவர்கள் பட்டறைக்கே போக வேண்டியிருக்கும். அங்கேதான் வெளி மாநிலத்தாருக்கு மொழி என்னும் தடை குறுக்கிடுகிறது. வடநாட்டில் அவர்களை மிஸ்திரி என்று அழைக்கிறோம். பல்லாண்டு கைப்பழக்கம் உள்ளவர்கள். நாம் வேண்டுவது இன்னதென்று தெரிந்தால் செவ்வையாகச் செய்து கொடுப்பார்கள். நாம் ஒன்றும் சொல்லாமல் "விளக்குப் போட்டுக் கொடுங்கள்" என்றால், விரைவான வழியில் போட்டுக் கொடுப்பார்கள். ஆதலால் "தார் மத் காட்டியே" என்ற மூன்று சொற்களையாவது கற்றுக்கொள்வோம். கம்பியை அறுக்க வேண்டாம் என்பது அதன் பொருள். ரிலே, பியூஸ், கப்ளர் ஆகிய சொற்கள் எல்லா ஊர்ப் பட்டறைகளிலும் ஒன்றேயாதலால் அவற்றுக்கு மொழிபெயர்ப்புத் தேவையில்லை. வேலை நடக்கும்போது தேநீர்க் கடைக்குப் போய்விடாமல் அருகிலிருந்து பார்ப்பதும், எந்த நிறக் கம்பி எதனோடு சேர்ந்தது என்பதை ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைப்பதும் பின்னாளில் பெரிதும் உதவும்.

அந்த நோட்டுப் புத்தகத்தை இருக்கைக்கு அடியிலேயே வைப்போம். கூடவே வண்டிக்கு உரிய பியூஸ்கள் இரண்டு, ஒரு கைவிளக்கு, கொஞ்சம் நாடா ஆகியவையும் இருக்கட்டும். தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் புறப்படுமுன் ஒருநாள் தொட்டியைக் கழற்றி அடியிலுள்ள இணைப்புகளைக் கையால் தொட்டுப் பார்ப்போம். அரைமணி நேர வேலை. ஊரில் நம்மை எதிர்பார்த்து விளக்கேற்றிக் காத்திருப்போருக்கு நம் வண்டியின் விளக்கும் அணையாமல் வந்து சேர வேண்டும்.